பர்சோ என்பது எந்த நாள்

இந்தியில் மூன்று பரீட்சை எழுதி மூன்றிலும் தேறிய நான், நேற்றைக்கு முந்தின நாளுக்கும் நாளைக்கு மறுநாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மனிதனின் வேலையைத் தொலைத்தேன். சான்றிதழ்கள் மூன்றும் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. போர்ட் பிளேரின் ஈரத்தில் என் சட்டைகள் பூத்தன, செருப்புகள் பூத்தன, சான்றிதழ்கள் மட்டும் பூக்கவில்லை. கரையானும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கும் ஏதோ தராதரம் இருக்கிறது போலும்.

இந்தி படிக்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மொழியில் நேற்று என்றாலும் ‘கல்’, நாளை என்றாலும் ‘கல்’. முந்தாநாள் ‘பர்சோ’, நாளை மறுநாளும் ‘பர்சோ’. எந்தப் பக்கத்துப் பர்சோ என்று கண்டுபிடிக்க வாக்கியத்தின் கடைசியில் உள்ள வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘தா’ என்று முடிந்தால் போன நாள், ‘ஹை’ என்று முடிந்தால் வரப்போகும் நாள். இதை இரண்டாவது பரீட்சையிலேயே கேட்டார்கள். முழு மதிப்பெண் வாங்கினேன்.

ஆனால் அந்தமான் தீவுகளில் பேசப்பட்ட இந்தி அந்தப் பரீட்சையை எழுதியதில்லை. வங்காளிக்கும் தெலுங்கருக்கும் மலையாளிக்கும் ராஞ்சிக்காரருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்த மொழி அது. ஆளாளுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த ராகத்தில் அதைப் பேசினார்கள். ஆண்பால் பெண்பால் பார்ப்பது கிடையாது. வினைச்சொல் விருந்தாளி மாதிரி, வந்தால் சந்தோஷம், வராவிட்டால் யாரும் தேடுவதில்லை.

நான் தேடினேன். அதுதான் என் வியாதி.

அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேர் பஜாரில் ஒரு ஜவுளி, இரும்புச் சாமான் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். முதலாளி ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம். அவருடைய இந்தியில் ஒரு வாக்கியம்கூட இலக்கணப்படி தேறாது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டே அவர் தீவு முழுவதற்கும் ஆணியும் லுங்கியும் விற்றார். என் இந்தி சுத்தமானது. அதில் ஒரு குடைகூட விற்றதில்லை. “தம்பி, நீங்க பேசுறப்ப ஏதோ ரேடியோவுல செய்தி சொல்ற மாதிரி இருக்கு. ஆளுங்க சாமானை வச்சிட்டு நின்னு கேட்டுட்டுப் போயிர்றாங்க” என்பார்.

கடைக்கு வருகிறவர்களின் இந்தியைத் திருத்துவது எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது. தொழிலாளர் ஆபீசில் வேலை பார்த்த ஒரு வங்காளி கிளார்க் அடிக்கடி வருவார். ஒருநாள், கடை நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில், மெயின்லேண்டுக் கப்பல் வந்துவிட்டது என்ற நல்ல செய்தியை எங்களுக்குச் சொன்னார். கப்பல் இந்தியில் ஆண்பால். அவர் அதைப் பெண்ணாக்கி, வந்தாள் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். தபாலும் பருப்பும் வந்துவிட்டதென்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் பாலைத் திருத்தினேன். கடையில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார், அன்றிலிருந்து என்னைப் பண்டித்ஜி என்று கூப்பிட ஆரம்பித்தார். அது பட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பெருமையெல்லாம் யார் தலையில் விடிந்தது என்பதுதான் விஷயம்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் மரக் கம்பெனியில் வின்ச் ஓட்டும் வேலை பார்த்தவர் அவர். அறுத்துப் போட்ட பெரிய தடிகளை இரும்புக் கயிற்றில் கட்டி இழுத்து மேடையேற்றுவது அந்த இயந்திரத்தின் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கத்தோலிக்கர், பரம்பரையாக மீன்பிடிக் குடும்பம். ஆனால் அவர் மனைவியின் தகப்பனாரையும் அண்ணனையும் கடல் கொண்டுபோயிருந்தது. கடலுக்குப் போகாத மாப்பிள்ளைக்குத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லித்தான் அந்தம்மா கல்யாணத்துக்கே சம்மதித்தாராம். தரையில் வேலை தேடி இருவரும் வந்து சேர்ந்த இடம் அந்தமான். கடல் வேண்டாமென்று தீவுக்கு வந்த ஒரே குடும்பம் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் வின்ச் வேலை கிடைத்தது, தொழிலாளர்களுக்கான கம்பெனி லைன் வீடுகளில் ஓர் அறை கிடைத்தது. மாலையில் புருஷன் முழுசாக வீட்டுக்கு வந்தார். அந்தம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தாயாருக்கு முடியவில்லை என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. முறைப்படி லீவு வாங்கிக்கொண்டு போனார். தாயாரை அடக்கம் செய்துவிட்டு சென்னைத் துறைமுகத்துக்கு வந்தால், திரும்ப வேண்டிய கப்பல் இயந்திரக் கோளாறில் நிற்கிறது. எப்போது புறப்படும் என்று யாருக்கும் தெரியவில்லை. மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு துறைமுகத்து வாசலிலேயே கிடந்திருக்கிறார். ஒருவழியாகத் தீவுக்கு வந்து இறங்கியபோது, லீவு முடிந்தும் வராததால் தானாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதிப் பெயரை அடித்துவிட்டோம் என்றது கம்பெனி.

“கப்பல் வரலன்னா நான் நீந்தியா வரமுடியும், அண்ணாச்சி?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதை உடனே போய்த் தொழிலாளர் ஆபீசில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் மரியாதைக்காரர். மேனேஜர் கல்கத்தா போயிருக்கிறார், வரட்டும் என்று காத்திருந்தார். வந்ததும், பார்க்கலாம் என்றார் மேனேஜர். அவர் பார்க்கட்டும் என்று இவர் காத்திருந்தார். பெரியவர்கள் யோசிக்கும்போது ஆபீசுக்குப் போய் மனு கொடுப்பது காலை வாருவது போல இருக்கும் என்று நினைத்திருக்கிறார். இந்த மாதிரி வழக்குகளுக்கெல்லாம் ஒரு கெடு உண்டு என்பதும், மேனேஜர் யோசிக்கிற நேரமும் அந்தக் கணக்கில்தான் ஏறும் என்பதும் அவருக்குத் தெரியாது. மரியாதைக்கென்று தனியாக நாள் ஒதுக்கிச் சட்டம் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் லைன் அறையைக் காலி செய்யச் சொன்னபோதுதான் மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். இங்கிலீஷில் மனு எழுதுவது என் இன்னொரு பொழுதுபோக்கு. காசு வாங்கமாட்டேன். காசு வாங்கியிருந்தால் சீக்கிரம் எழுதியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. பெயர், வேலை, கப்பல் நின்றது, வேலை திரும்ப வேண்டும் என்று நாலு வரியில் முடிய வேண்டிய சமாச்சாரம். நானோ கடலின் சீற்றம், விதியின் போக்கு, கம்பெனியின் கருணை என்று மூன்று பத்தி முன்னுரை போட்டேன். முதல் பிரதி கம்பீரமாக இல்லை என்று கிழித்தேன். இரண்டாவதில் ஒரு சொல் இரண்டு தடவை வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் அவர் கடை வாசலில் வந்து நிற்பார். “ஆயிட்டு இருக்கு” என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். மேனேஜருக்குக் காத்திருந்த அதே முகத்தோடு எனக்கும் காத்திருந்தார்.

மனு முடிந்ததும், கெடு எதுவரை என்று தெரிந்துகொள்ள நானே தொழிலாளர் ஆபீசுக்குப் போனேன். பண்டித்ஜி என்று வரவேற்றார் கிளார்க். இன்ன கம்பெனி, வின்ச் ஓட்டும் ஆள், இன்ன தேதியில் பெயர் அடிக்கப்பட்டது என்று இலக்கண சுத்தமாகச் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார், விரல் விட்டார், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். பிறகு பெருமூச்சோடு சொன்னார்:

“ஆக்ரி தாரீக் பர்சோ.”

கடைசித் தேதி பர்சோ. அவ்வளவுதான். தாவும் இல்லை, ஹையும் இல்லை.

பெருமூச்சைத்தான் நான் வினைச்சொல்லாக எடுத்துக்கொண்டேன். இவ்வளவு துக்கமாகச் சொல்கிறாரென்றால் அது போன நாளாகத்தான் இருக்கும், முந்தாநாளோடு முடிந்துவிட்டது. (அவருக்கு மூலம் என்றும், உட்கார்ந்த இடத்தில் அசையும்போதெல்லாம் அப்படித்தான் பெருமூச்சு விடுவார் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.) எந்தப் பர்சோ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தீவில் எந்த ஆணி வியாபாரியும் கேட்டிருப்பான். ஆனால் கப்பலின் பாலைத் திருத்திய பண்டிதன் அதே மனிதரிடம் போய், எனக்குப் புரியவில்லை, முந்தாநாளா நாளை மறுநாளா என்று எப்படிக் கேட்பது? நன்றி சொல்லிவிட்டு, மனுவைப் பையிலிருந்து எடுக்காமலே வந்துவிட்டேன்.

லைன் அறைக்கு நேரே போய் விஷயத்தைச் சொன்னேன். வெறுமனே சொல்லவில்லை, பிரசங்கமே செய்தேன். கெடு என்பது கப்பலின் ஏணி மாதிரி, தூக்கிவிட்டால் தூக்கியதுதான், ராஜாவே வந்தாலும் இறக்கமாட்டார்கள் என்றேன். உவமை பொருத்தமாக அமைந்ததில் எனக்குத் திருப்தி. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, சரி அண்ணாச்சி, நீங்க எனக்காவ அலைஞ்சதே பெருசு என்றார். மனைவிதான் வாசற்படியிலிருந்து கேட்டார்.

“இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாம்லா, அண்ணாச்சி? ஒருவேள அந்தாளு தப்பாச் சொல்லியிருப்பாரு.”

“அவர் சரியாகத்தான் சொன்னார்” என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன முழு உண்மைகளில் அது ஒன்று.

அந்த வாரக் கடைசியில் கிளார்க் கடைக்குக் குடை வாங்க வந்தார். நான்கைந்து குடைகளை விரித்துப் பார்த்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, உங்கள் வின்ச் ஆள் ஏன் வரவில்லை என்று கேட்டார். கடைசி நாளாயிற்றே, தூரத்திலிருந்து நடந்து வருவாரே என்று ஆபீஸ் நேரம் முடிந்தும் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தாராம்.

“பர்சோ போலா தா நா, பண்டித்ஜி?” என்றார். பர்சோ என்று சொன்னேனே.

இந்தத் தடவை வாக்கியத்தில் ‘தா’ இருந்தது.

விரித்த குடைக்குப் பின்னால் என் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த ஆள் மனம் மாறிவிட்டார் என்றேன். அப்படியா என்று ஆச்சரியப்பட்டுவிட்டுக் கிளார்க் போனார். அன்று மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே வைத்துவிட்டேன். முதலாளி விசாரித்தார், சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கெடு தாண்டிப்போனாலும் தகுந்த காரணம் காட்டினால் அதிகாரி மனுவை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய உறவுக்காரர் ஒருவருக்கு ஏதோ ஒரு விஷயத்தில் அப்படி நடந்திருக்கிறது.

“காரணம்தான் கையில இருக்கே, தம்பி. எனக்குத் தப்பா வெளங்கிருச்சு, குத்தம் அந்த ஆளு மேல இல்லைன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. நாக்கு வெந்தா போயிரும்?”

நாக்கு வேகாது. ஆனால் அதே மாதத்தில்தான் புதிதாக வந்திறங்கும் தமிழர்களுக்கு இந்தி வகுப்பு எடுக்கச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். கரும்பலகை, சாக்பீஸ், ஆசிரியர் என்ற பட்டம், எல்லாம் தயாராக இருந்தன. ‘பர்சோ என்ற சொல்லின் பொருளை அடியேன் அறியாத காரணத்தால்’ என்று கையெழுத்திட்டு ஓர் ஆபீசில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கரும்பலகை முன்னால் நிற்பது எப்படி? காகிதத்தை மெஷினில் மாட்டி இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் ‘அடியேன்’ வரைதான் வந்தது. கடைசியில், மனுதாரர் நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் இருந்த காரணத்தால் தாமதம் நேர்ந்தது என்று டைப் அடித்தேன். எல்லோரும் எழுதுகிற காரணம். யாருக்கும் கேடில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இன்னொரு வழி இருக்கிறதாம், பார்க்கலாம் என்று அவரைக் கூப்பிட்டு, விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கினேன். அந்தம்மாவின் முகம் பல நாளைக்குப் பிறகு தெளிந்தது. எனக்கு ஒரு தட்டு அவலும் சர்க்கரையும் வைத்தார். அதையும் தின்றேன்.

விசாரணை நாளன்று துணைக்குப் போனேன். அதிகாரி மெயின்லேண்டிலிருந்து வந்தவர், நல்ல மனிதர் என்றுதான் தோன்றியது. மனுவைப் படித்தார், கப்பல் விஷயத்தில் தலையை ஆட்டினார். பிறகு தாமதத்துக்கான பக்கத்தைப் புரட்டி, நிமிர்ந்து, நேரே அவரைப் பார்த்து இந்தியில் கேட்டார், நீ நோயாக இருந்தாயா என்று. இருந்தாயா என்பதற்கான இறந்தகாலம் அந்தக் கேள்வியில் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் எங்கள் வின்ச்காரரின் இந்தியில் காலங்கள் கிடையாது. அவர் காதில் விழுந்தது நோய் என்கிற ‘பீமார்’ மட்டும்தான். மறுபடி வேலையில் வைக்கலாமா, இவனுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று அதிகாரி சோதிக்கிறார் என்று புரிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நிமிர்ந்து நின்று, சட்டைக் கையை மேலே சுருட்டி, இரும்புக் கயிறு இழுத்து முறுகிய கையை நீட்டிக் காட்டினார்.

“பீமார் நை, சாப். கபி நை.”

நோயா, எனக்கா, ஒருக்காலும் இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். சரியாகப் பதில் சொல்லிவிட்டேனா என்று கேட்கிற சிரிப்பு.

அதிகாரி மனுவை மூடினார். கோபிக்கவில்லை. பொய்க் காரணத்தின்மேல் கெடுவைத் தளர்த்த முடியாது என்று மட்டும் சொன்னார். அப்போதாவது நான் எழுந்து நின்று, ஐயா, பொய் என்னுடையது, காரணம் வேறு என்று சொல்லியிருக்கலாம். அறையின் ஓரத்தில் கிளார்க் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், என் செருப்பைப் பார்த்தேன். அதற்குள் அடுத்த மனுதாரரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும், ஆபீசர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டார். கெடு தாண்டிவிட்டது என்கிறார் என்றேன். அதுதான் ஏற்கெனவே தெரியுமே என்கிற மாதிரி அவர் தலையாட்டினார். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிடக்கூட மறந்துபோய் என்னோடு நடந்து வந்தார்.

லைன் அறை போயிற்று. புரோத்ராபூரில் ஒரு விவசாயி வீட்டை ஒட்டிய சாய்ப்பில் சில மாதம் இருந்தார்கள். தரையில் வேலை தேடி அவர் பல இடங்களில் அலைந்தார். பெயர் அடிக்கப்பட்ட ஆள் என்பது எல்லா இடத்துக்கும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு நடு அந்தமானில் ரங்கத் பக்கம் யாரோ மீன்பிடிப் படகுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று புறப்பட்டுவிட்டார்கள். போட் ஏறுகிற இடத்துக்கு நான் போகவில்லை. இந்தி வகுப்பு இருந்தது. மாணவர்கள் ஒழுங்காக வந்தார்கள். ‘பர்சோ’ வருகிற பாடத்தை மட்டும் நீங்களே வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

எழுபதுகளில் முதலாளியின் உறவில் ஒரு கல்யாணத்துக்காக ரங்கத் போக வேண்டியிருந்தது. போகிற வழியெல்லாம் போட்டின் மேல்தட்டில் உட்கார்ந்து, அவரிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். பழக்கதோஷத்தால் அதற்கும் ஒரு முன்னுரை அமைந்துவிட்டது. பிரியாணி சாப்பிட்ட கையோடு விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் இல்லை, கடலுக்குப் போயிருந்தார். அந்தம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். புடைக்கிற கை நிற்கவில்லை, முகம் மட்டும் அடிக்கொருதரம் கடல் பக்கம் திரும்பிவிட்டு வந்தது. காற்று கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

உட்கார முக்காலி கொடுத்து, சர்க்கரை போடாத டீயும் கொடுத்தார். ஒத்திகை பார்த்த முன்னுரை மறந்துபோயிற்று. நேரே சொன்னேன். பர்சோவைச் சொன்னேன், கிளார்க்கின் பெருமூச்சைச் சொன்னேன், அவர் கதவைச் சாத்தாமல் காத்திருந்ததைச் சொன்னேன். வகுப்புக்காக வெட்கப்பட்டு, நோய் என்று பொய்க் காரணம் எழுதியதைச் சொன்னேன். இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைதான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது, நான் படித்த இந்திதான் உங்கள் வீட்டுக்காரரை மறுபடி கடலுக்கு அனுப்பிவிட்டது என்றேன்.

அந்தம்மா முறத்தை மடியில் வைத்தார்.

“இந்தி கெடக்கட்டும், அண்ணாச்சி. நீங்க எழுதுனத தமிழ்ல ஒருதடவ வாசிச்சுக் காட்டியிருந்தீயன்னா, அவிய ஆபீசருக்கு முன்னால இருமியாவது காட்டியிருப்பாவ.”